லன் மாஸ்கிங் செய்துவிட்டேன், ஸோனிங்கும் வேண்டுமா?

கேட்டது இதுதான்: பத்து சர்வர், ஒரு ஸ்டோரேஜ், இரண்டையும் இணைக்கும் இரண்டு ஃபைபர் சானல் சுவிட்ச், ஸ்டோரேஜில் லன் மாஸ்கிங் செய்தாயிற்று, அப்புறம் எல்லாவற்றையும் ஒரே ஸோனில் போட்டால் என்ன கெட்டுவிடும்? (லன் என்பது ஸ்டோரேஜ் வெட்டிக் கொடுக்கும் டிஸ்க் துண்டு. எந்த லன் எந்த சர்வருக்குத் தெரியலாம் என்று ஸ்டோரேஜில் சொல்வது மாஸ்கிங், எந்த போர்ட் எந்த போர்ட்டோடு பேசலாம் என்று சுவிட்சில் சொல்வது ஸோனிங்.)

படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே வாதத்தை நானும் பேசியிருக்கிறேன். ஸ்டோரேஜ் பொருத்த வந்தவர் சனிக்கிழமை சாயங்காலம் காட்பாடியில் சென்னை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே ஸோனில் தள்ளிவிட்டு, "மாஸ்கிங் இருக்கு சார், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்களிடமும் யாரோ ஒருவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ்களைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்கிங் என்பது ரூம் சாவி, ஸோனிங் என்பது மாடிப்படிக் கதவு. கதவு எல்லாம் திறந்து கிடந்தால், சாவி கொடுக்கிற ஆள் ஒருநாளும் தூங்கி வழியக்கூடாது. எங்கள் கதையில் தூங்கி வழிந்த ஆள் நான்தான்.

பில்லிங் ஓடும் லினக்ஸ் சர்வருக்குத் துணையாக இரண்டாவது சர்வர் ஒன்று வந்திருந்தது. அதற்கும் அதே 2 டெராபைட் லன்னைக் காட்ட வேண்டும். ஸ்டோரேஜ் திரையில் போர்ட் பட்டியலைத் திறந்தால், ஒரே ஸோன் என்பதால், இருக்கிற அத்தனை சர்வரின் டபிள்யூடபிள்யூபிஎன்னும் (ஃபைபர் சானல் போர்ட்டின் அடையாள எண்) வரிசையாக நிற்கிறது. ஒவ்வொன்றும் 16 இலக்கம், எல்லாம் 21:00 என்று ஒரே மாதிரி தொடங்குகிறது, வித்தியாசம் கடைசி இரண்டு மூன்று எழுத்தில்தான். புது லினக்ஸுக்குப் பதிலாக விண்டோஸ் டெஸ்ட் சர்வரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அந்த டெஸ்ட் சர்வர் வேறொரு பழைய ஸ்டோரேஜோடு மட்டும் பேச வேண்டியது. ஸோன் சரியாக இருந்திருந்தால் இந்தப் பட்டியலிலேயே அது வந்திருக்காது, நான் கைதவறி அதைக் கொடுத்திருந்தாலும் அதற்கு லன் தெரிந்திருக்காது.

அதே வாரம் டெஸ்ட் சர்வருக்கும் பழைய ஸ்டோரேஜிலிருந்து ஒரு டிஸ்க் தருவதாகச் சொல்லியிருந்தேன். ராத்திரி டெஸ்ட் சர்வரில் வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான். "அண்ணா, நீங்க சொன்ன டிஸ்க் வந்துடுச்சுணா. ஆன்லைன் பண்ணிட்டேன், இனிஷியலைஸ் பண்ணட்டுமான்னு கேக்குது." நான் ராணிப்பேட்டை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே "பண்ணு" என்றேன். சைஸ் என்ன என்று கேட்கவில்லை. அவனும் ஜிபிடி (பார்ட்டிஷன் அட்டவணையின் ஒரு வகை) என்று கொடுத்துவிட்டு, ஃபார்மேட்டைக் காலையில் பார்க்கலாம் என்று குடியாத்தம் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். அந்த பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு.

ஓடிக்கொண்டிருந்த பில்லிங் சர்வர் ஒன்றும் சொல்லவில்லை. அதிகாலை பேட்ச் போட்டு ரீபூட் செய்தபோதுதான், லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கிடும் எல்விஎம்மின் வால்யூம் குரூப்பையே (டிஸ்க்குகளின் தொகுப்பு) காணோம். எல்விஎம் தன் லேபிளை வழக்கமாக டிஸ்க்கின் இரண்டாவது செக்டாரில் வைக்கும், ஜிபிடி தன் தலைப்பை எழுதுவதும் அதே இடத்தில்தான். உண்மையான டேட்டா 1 எம்பி தள்ளித் தொடங்கியதால் தப்பியது. சர்வரின் சொந்த டிஸ்க்கில் எல்விஎம் தானாக எடுத்து வைத்திருந்த மெட்டாடேட்டா பேக்கப்பைக் கொண்டு, முதலில் அந்த லன்னை விண்டோஸிடமிருந்து பிடுங்கிவிட்டு, டிஸ்க்கின் பழைய அடையாளமான யுயுஐடியோடு பிவிகிரியேட் கொடுத்து லேபிளை மறுபடி எழுதி, அப்புறம் விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் கொடுத்து வால்யூம் குரூப்பை மீட்டேன். ஏழரைக்கு கவுண்டர் திறக்க வேண்டும், ஏழே காலுக்கு மவுண்ட் ஆனது. கை நடுக்கம் நிற்க மத்தியானம் ஆயிற்று.

விடியற்காலை நாலு மணிக்கு ராணிப்பேட்டையிலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வந்த பெட்ரோல் காசு இன்றுவரை வரவில்லை. முன் அனுமதி வாங்காமல் வந்தேனாம். சர்வர் விழப்போகிறது என்று முதல் நாளே லெட்டர் எழுத வேண்டும் போல. சரி, அது கிடக்கட்டும்.

"தப்பு உன்னுடையது, ஸோனிங்கை ஏன் இழுக்கிறாய்" என்று ஒருவர் வருவார் என்று தெரியும். ஆமாம், என்னுடையதுதான். தப்பு செய்கிற ஆள் கையில்தானே சிஸ்டம் இருக்கிறது? "டபிள்யூடபிள்யூஎன் ஸோனிங் என்றால் சாஃப்ட் ஸோனிங், அதில் பாதுகாப்பு இல்லை" என்று இன்னொருவர் வருவார். அது பழைய கதை. டபிள்யூடபிள்யூஎன், அதாவது அந்த அடையாள எண்ணை வைத்துப் போட்ட ஸோனில், சுவிட்சின் பெயர் சர்வர் (யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று சொல்லும் பட்டியல்) மறைப்பதோடு நின்றது அந்தக் காலம், இப்போதைய சுவிட்சுகள் டபிள்யூடபிள்யூஎன் ஸோனையும் ஹார்டுவேரிலேயே தடுக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒரு ஸோனில் ஒரே ஒரு சர்வர் போர்ட், அது பேச வேண்டிய ஸ்டோரேஜ் போர்ட்டுகள், அவ்வளவுதான். ஸோன் பெயரில் சர்வர் பெயரையும் எச்பிஏ (சர்வரில் உள்ள ஃபைபர் சானல் கார்டு) எண்ணையும் சேருங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஒரு சர்வர் ரீபூட் ஆனால் சுவிட்ச் அனுப்பும் ஆர்எஸ்சிஎன் என்ற நிலை மாற்ற அறிவிப்பு அதே ஸோனில் இருப்பவர்களுக்குத்தான் போகும், ஒரே ஸோனாக இருந்தால் பத்து சர்வரும் திரும்பிப் பார்க்கும். எச்பிஏ கார்டு மாற்றினால் டபிள்யூடபிள்யூபிஎன் மாறிவிடும், ஸோனிலும் மாஸ்கிங்கிலும் இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும். போர்ட் எண்ணை வைத்து ஸோன் போட்டால் ஸோனில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் எவனாவது கேபிளைப் பக்கத்து போர்ட்டில் செருகினால் கதை கந்தல், அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஓடுகிற இடத்தில் மாற்றும்போது இரண்டு சுவிட்சையும் ஒரே நாளில் தொடாதீர்கள். இருக்கிற கான்ஃபிகை முதலில் ஃபைலாக எடுத்து வையுங்கள். புரோகேட் சுவிட்ச் என்றால் சிஎஃப்ஜிசேவ் கட்டளை வெறுமனே சேமிக்கும், சிஎஃப்ஜிஎனேபிள் கொடுத்தால்தான் அமலுக்கு வரும். முதல் சுவிட்சில் கொடுத்துவிட்டு, பத்து சர்வரிலும் மல்டிபாத்தில் (ஒரே லன்னுக்குப் பல வழிகளை நிர்வகிப்பது) எல்லா வழியும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது சுவிட்சை மறுநாள் தொடலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம்.