குன்னூரில் கடை, திருப்பூரில் முதலாளி: லாபம் எங்கே போகிறது?

கேள்வி: குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் காபி, டீ, வர்க்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் திருப்பூரில் வேலை என்பதால் மேனேஜர்தான் நடத்துகிறார். கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. கேமரா வைத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. விற்றுவிடலாமா?

பதில்: விற்பதற்கு முன் ஒரு மாதம் பால் கணக்கு பாருங்கள். பில் போடாமல் போன டீயைக் கேமராவில் பிடிக்க, நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார வேண்டும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 முதல் தமிழகத்தில் தடை இருப்பதால், கப்பை எண்ணிக் கணக்குப் பிடிக்கவும் வழியில்லை.

ஒரு நாள் நேரில் போய் மாஸ்டரைப் பத்து காபி, பத்து டீ போடச் சொல்லி, பாலையும் தூளையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காபிக்கு 100 மி.லி., டீக்கு 75 மி.லி. பால் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குத் தீர்ந்த பால் 26 லிட்டர். பில்லில் 110 காபி, 140 டீ. இதற்கு 21.5 லிட்டர் போதும். பொங்கியது, சுண்டியது என்று 5% (1.3 லிட்டர்) கழித்தாலும் 3.2 லிட்டருக்குக் கணக்கில்லை. டீயாகப் பார்த்தால் 42 கிளாஸ். ₹20 வீதம் நாளுக்கு ₹840, மாதம் ₹25,200.

உடனே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். டூரிஸ்ட்டுகளை அழைத்து வரும் டிரைவருக்கு ஓசி டீ கொடுப்பது மலையில் சகஜம். அதற்கும் பூஜ்ய விலையில் பில் போடச் சொல்லுங்கள்.

பாலில் தண்ணீர் கலந்தால் பால் கணக்கு நேராக வரும், தூள் கணக்கு இடிக்கும். பாலையும் தூளையும் மேனேஜரே தன் காசில் தனியாக வாங்கி, டீ போட்டு விற்றால் இரண்டு கணக்குமே நேராக இருக்கும். அப்போது சர்க்கரையையும் 19 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்பதையும் பாருங்கள். வர்க்கி எடையில் வாங்கி எண்ணிக்கையில் விற்கும் சரக்கு. 'உடைந்துவிட்டது' என்று எழுத வசதி. உடைந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினால்தான் கணக்கில் கழிக்க வேண்டும்.

பால்காரருக்கும் தூள் கடைக்கும் நீங்களே வங்கி வழியாகக் கட்டுங்கள். கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் உங்கள் கரன்ட் அக்கவுன்ட்டுக்குத்தான் போகிறதா என்று, தெரிந்தவரை விட்டு அவ்வப்போது ₹20 போட்டுப் பாருங்கள். பில்லை ரத்து செய்யும் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். மேனேஜருக்கு விற்பனையில் கமிஷன் வேண்டாம். சரக்குக் கணக்கு நேரான மாதங்களில் லாபத்தில் பங்கு கொடுங்கள்.

இன்னொன்று: ஏப்ரல், மே வசூலை லாபம் என்று எடுத்துவிட்டால், கூட்டம் குறையும் ஜூன், ஜூலையில் வாடகையும் சம்பளமும் உங்கள் கையைத்தான் கடிக்கும். மூன்று மாத நிலையான செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வரும் லாபம், கடையை உள்குத்தகைக்கு விட்டால் கிடைக்கும் தொகையைவிடக் குறைவென்றால், கட்டட உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தோடு விட்டுவிடுங்கள். அப்படி விட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவையோ உரிமத்தையோ, தேவைப்பட்டால் ஜிஎஸ்டி பதிவையும் குத்தகைதாரர் தன் பெயரில் எடுக்க வேண்டும். உங்கள் பெயரில் ஓட விடாதீர்கள்.