கட்டடம் எழுப்பும் முன் அறைகளைக் கணக்கெடுங்கள்

கேள்வி: தொண்டிக்கு அருகே கடலோரத்தில் உள்ள எங்கள் கல்லூரியில் வகுப்பறைகள் போதவில்லை என்று எல்லாத் துறைகளும் முறையிடுகின்றன. கடலை ஒட்டிய காலி இடத்தில் புதிய கட்டடம் எழுப்ப நிர்வாகம் எண்ணுகிறது. திட்டக் குழு உறுப்பினரான நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: இருக்கும் அறைகளைக் கணக்கெடுப்பதிலிருந்து தொடங்குங்கள். கால அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம். அதில் உள்ள வகுப்பு நடக்காமல் போவதும், பெரிய அறையில் சிலரே அமர்ந்திருப்பதும் நேரில் பார்த்தால்தான் தெரியும். தேர்வோ விடுமுறையோ குறுக்கிடாத ஒரு முழு வாரத்தில், ஒவ்வொரு பாடவேளையிலும் எல்லா அறைகளையும் பார்த்து, வகுப்பு நடக்கிறதா, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று குறித்துவரச் செய்யுங்கள்.

வாரத்துக்கு 40 மணி நேரம் திறந்திருக்கும் 60 இருக்கை அறையில் 20 மணி நேரமே வகுப்பு நடந்து, அப்போதும் சராசரியாக 30 பேரே அமர்ந்திருந்தால், நேரத்தில் பாதியும் இருக்கையில் பாதியுமாக அதன் உண்மையான பயன்பாடு 25 விழுக்காடுதான். நூறு விழுக்காட்டை எந்த வளாகமும் எட்டாது, எட்டவும் தேவையில்லை. ஆனால் இதே கணக்கை மணி வாரியாகப் பிரித்தால், முற்பகலில் இடநெருக்கடியும் பிற்பகலில் பூட்டிய கதவுகளும் இருப்பது பெரும்பாலும் வெளிப்படும். அப்படியானால் குறை கட்டடத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. துறைக்கென ஒதுக்கிய வகுப்பறைகளைப் பொது அறைகளாக்கி, ஒரே அலுவலகம் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கட்டும். ஆய்வகங்களை இதில் சேர்க்க வேண்டாம். துறைத்தலைவர்கள் தயங்குவார்கள், அவர்களையும் கணக்கெடுப்பில் பங்கேற்கச் செய்வதே நல்ல வழி. வகுப்புகளைப் பிற்பகலுக்கு மாற்றும்போது, கடலோரக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களின் பேருந்து நேரத்தைக் கேட்டறியாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

இதற்குப் பிறகும் அறை தேவைப்பட்டால், எந்த அளவு அறை குறைகிறது என்பதையும் அதே கணக்கு சொல்லும். 60 பேர் அறை ஒன்றைத் தடுத்து இரண்டாக்கினாலே போதுமானதாக இருக்கலாம்.

கடலோர மனையைப் பொறுத்தவரை எனக்குக் கவலை உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து (பெரிய ஓதத்தின்போது கடல்நீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரை கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிறது; ஆகவே வரைபடம் போடுவதற்கு முன்பே மனை எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று உறுதிசெய்யுங்கள். உப்புக்காற்று கம்பியை அரிப்பதால், கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரமும், கம்பியின் மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடுகனமும் கோருகிறது. செலவு மதிப்பீட்டில் இதையும் தொடர் பராமரிப்பையும் சேர்த்து, பங்கீட்டை மாற்றுவதற்கு ஆகும் செலவுக்கு அருகிலேயே எழுதி நிர்வாகத்தின் முன் வையுங்கள்.