கிருத்திகை அன்று வந்த கோபம்

கேள்வி: சென்னிமலைக்குப் பக்கத்துல ஒரு கிராமங்க. எனக்கு 48 வயசு. வீட்டுக்காரரும் நானும் ரெண்டு தறி போட்டிருக்கிறோம். ரெண்டு வருசத்துக்கு முன்னால சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சுது, மூணு மாச சராசரி 9.1. அதுக்கப்புறம் நடக்க ஆரம்பிச்சேன், ராத்திரி சோத்தைக் குறைச்சேன், மனவளக்கலை மன்றத்துல சேர்ந்து தவம் கத்துக்கிட்டேன். காலைல மெட்பார்மினும் கிளிமிபிரைடும் போடறேன். கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருந்து படியேறிச் சாமி கும்புடறேன். இப்ப 6.9. ஆளே மாறிட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா போன கிருத்திகை மத்தியானம், காது சரியாக் கேக்காத எங்க அத்தை ஒரே விசயத்தை நாலு தடவை கேட்டாங்கன்னு கையிலிருந்த டம்ளரைத் தூக்கி எறிஞ்சு கத்திப்புட்டேன். கையெல்லாம் வெடவெடன்னு ஆடுச்சு. அப்புறம் ரெண்டு வாய் சாப்பிட்டதும் தெளிஞ்சுது, அரை மணி நேரம் கழிச்சுப் போய் அவங்க கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டேன். முன்னெல்லாம் சண்டை வந்தா நாலு நாளைக்குப் பேச மாட்டேன். ரெண்டு வருசம் செஞ்சதெல்லாம் வீணாப் போச்சுங்களா? வளர்ந்திருக்கேனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில்: அம்மிணி, வளர்ந்தீர்களா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லுங்கள், அன்றைக்குக் காலையிலும் மாத்திரை போட்டீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் எழுதிய இரண்டு மாத்திரையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்பார்மின் மட்டும் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. ஆனால் கிளிமிபிரைடு, கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை, வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. வெறும் வயிறு, உள்ளே அந்த மாத்திரை, அதோடு சென்னிமலை முருகன் கோயிலின் 1,320 படி. மத்தியானத்துக்குள் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருந்தால் ஆச்சரியமே இல்லை. அப்படி இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். மூளைக்குத் தீனியே சர்க்கரைதான், அது குறைந்தால் பொறுமை முதலில் போகிறது. கை வெடவெடத்தது, இரண்டு வாய் சாப்பிட்டதும் தெளிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அளந்து பார்க்காததால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் உறைத்தது இதுதான்.

அதனால் அடுத்த கிருத்திகைக்கு முன்னால் டாக்டரிடம் போய், இன்ன நாளில் விரதம் இருக்கிறேன், படியும் ஏறுகிறேன் என்று தேதியோடு சொல்லுங்கள். அன்றைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு, விரதமே இருக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மறுபடி அப்படி நடுக்கம் வந்தால், முடிந்தால் உடனே அளந்து பாருங்கள். வீட்டில் மிஷின் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காமல் மூன்று ஸ்பூன் அஸ்கா சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்காருங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள், தெளிந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். அதற்கும் சரியாகவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். விரதம் கெட்டுப்போகுமே என்று அந்த நேரத்தில் யோசிக்கவே கூடாது. மயங்கிப் படியில் உருண்டு விழுவதை எந்தச் சாமியும் கேட்கவில்லை.

பாருங்கள், ஆன்மிகத்துக்கென்று இருந்த விரதம் உடம்பைத் தொட்டது, உடம்பு மனசைத் தொட்டது, மனசு அத்தை மேல் பாய்ந்தது. உடம்பு, மனசு, ஆன்மிகம் என்று மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதி, மனசு என்ற பாடத்தில் மட்டும் தோற்றுவிட்டேன் என்று நீங்கள் அழுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்னொன்றும் கேட்கிறேன், தீட்டு தள்ளித் தள்ளி வருகிற வயதா? அதுவும் தூக்கத்தையும் பொறுமையையும் கலைக்கும், டாக்டரிடம் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

சரி, எல்லாப் பழியையும் சர்க்கரை மேல் போட முடியாது. நாலு தடவை கேட்டால் சலிப்பு வரத்தான் செய்யும், அந்தச் சலிப்பு உங்களுடையதுதான். ஆனால் நாலு நாள் பேசாமல் இருந்த ஒருத்தி அரை மணி நேரத்தில் எழுந்து போய்க் கையைப் பிடித்திருக்கிறாள், இதைக் கடிதத்தில் ஏதோ கொசுறு மாதிரி எழுதியிருக்கிறீர்கள்! எனக்கு அதுதான் பெரிய சேதி. தறிக்காரிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவில் இழை அறுவது யாருக்கும் நடக்கும், அறுந்ததைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே போனால்தான் துணி நெடுகப் பழுது விழும். உடனே நிறுத்தி முடிந்துவிட்டால் விரலளவோடு போகும். ஆகவே கோபம் வந்ததா என்று எண்ணுவதை விட்டுவிட்டு, வந்தபின் எவ்வளவு நேரத்தில் திரும்பினீர்கள் என்று பாருங்கள். உடம்புக்கு 9.1, 6.9 என்று ஒரு கணக்கு இருப்பது போல மனசுக்கு இது.

இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். 'ஆளே மாறிட்டீங்க' என்று ஊர் சொன்னதை நீங்கள் நம்பிவிட்டீர்கள். இந்த இரண்டு வாரமாக வலிப்பதில் பாதி, அத்தையைக் கத்தியது. மீதிப் பாதி, பக்குவப்பட்ட பெண் என்று நீங்களே மனசுக்குள் மாட்டிவைத்திருந்த போட்டோ உடைந்தது. அது உடைந்ததில் எனக்கு வருத்தமில்லை, அதைக் காப்பாற்றுகிற வேலை இனி உங்களுக்கு இல்லை.

மன்றத்தில் அகத்தாய்வு, அதாவது தன்னைத்தானே ஆராய்கிற பயிற்சி, அது வரைக்கும் போனீர்களா? தவத்தோடு நின்றுவிட்டால் பாதிதான். மனவளக்கலையைத் தந்த, ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் கண்ட வேதாத்திரி மகரிஷியும் தறியில் உட்கார்ந்து பிழைத்தவர்தான், அதனாலோ என்னவோ அவர் முறை கைக்கு அடக்கமாக இருக்கும். கவலைகளை அவர் நாலாகப் பிரிப்பார்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. ஒரு தாளில் உங்களுடையவற்றை எழுதிப் பாருங்கள். சர்க்கரை வியாதி முதல் வகை, அதோடு வாழ்ந்தாக வேண்டும். ஊர் என்ன நினைக்கும் என்பது மூன்றாவது.

அத்தையின் காது எந்த வகை என்று நினைக்கிறீர்கள்? முதல் வகையில் போட்டிருப்பீர்கள், வயசானால் அப்படித்தான் என்று. நான் நாலாவதில் போடுவேன். நாலு தடவை கேட்கிறவருக்கு நாலு தடவையும் பதில் காதில் விழவில்லை, அவ்வளவுதான் அங்கே நடந்தது. சில சமயம் காதில் அழுக்கு அடைத்திருந்தாலே இப்படி இருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, கருவி வேண்டும் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு நாள் தறி நின்றால் நிற்கட்டும்.

போகிற வழியில் அவருடன் பேசிக்கொண்டே போங்கள், நாலு தடவை கேட்டாலும் சரி. டாக்டர் மாத்திரையைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். காது தெளிந்ததும் அத்தை முதலில் என்ன கேட்டார் என்பதையும்.