காட்டை ஆக்கிரமிக்கும் களைப் புதரான உண்ணிச்செடியை (லண்டானா) வெட்டினால் மறுபடி முளைக்காதா? நீலகிரியில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்?

வெறுமனே வெட்டினால் கட்டாயம் முளைக்கும், முன்பைவிட அடர்த்தியாகவே. அதனால்தான் மண்ணுக்குச் சற்றுக் கீழே முதன்மை வேரை அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுகிறார்கள், மறுதுளிர் கிளம்புவது வேரின் அந்தக் கழுத்துப் பகுதியிலிருந்துதான். டெல்லி பல்கலைக்கழகச் சூழலியல் பேராசிரியர் சி.ஆர். பாபு குழு உருவாக்கிய முறை இது.

திட்டமும் பணமும் வனத்துறையுடையது, சரி. ஆனால் முள் கீற முதுகு வளைத்து உழைப்பவர்களில் பலர் அங்கேயே வாழும் பழங்குடி மக்கள். பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் கலைஞர்கள் அதே செடியின் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, கம்பிச் சட்டத்தில் வளைத்துக் கட்டி நிஜ அளவு யானைகள் செய்கிறார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன.

அப்புறம், பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிக்கொண்டே இருக்கும். ஒருமுறை அகற்றிவிட்டுப் போனால் போதாது, சில ஆண்டுகளுக்காவது திரும்பப் போய் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும், அந்தக் கூலிக்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும்.