வெள்ளத்தில் மூழ்கியும் சில நெல் ரகங்கள் பிழைப்பது எப்படி?

ஒரே பயிரின் ரகங்களுக்குள் இருக்கும் பிறவி வேறுபாடுகள்தான் மரபணுப் பன்மை. அதன் அருமை வெள்ளத்தில் தெரியும். சாதாரண நெல் முழுக்க மூழ்கினால் காற்றைத் தேடி மளமளவென நீளும். சேமித்த மாவுச்சத்து தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாய்ந்துவிடும். ஒடிசாவின் பழைய ரகத்திலிருந்து வந்த எஃப்ஆர்13ஏ என்ற நெல் அப்படி நீளாது, வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். நீருக்குள் கைகாலை உதைப்பவருக்குச் சீக்கிரம் மூச்சு முட்டும், அசையாதவர் கொஞ்சம் தாக்குப்பிடிப்பார் இல்லையா, அதே கதைதான். இத்தனைக்கும் விளைச்சல் குறைந்த நெல் அது! அதிலுள்ள சப்1ஏ மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். சுவர்ணா என்ற பிரபலமான நெல்லுக்கு அதைக் கொடுத்து உருவாக்கிய சுவர்ணா-சப்1 இரண்டு வாரம்வரை மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி துளிர்க்கும். பலர் நினைப்பதுபோல் இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல; மகரந்தம் சேர்த்து, திரும்பத் திரும்ப சுவர்ணாவோடே கலந்து எடுத்த ரகம்.