அம்மா தனியே இருக்கும் வீட்டில் ரேடார் வைக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். கனடா வந்து மூன்று வருடம், அம்மா சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கும் விசா) வந்து நாலு மாதம், ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வீடு. காலை ஆறு மணிக்கு நீங்கள் வேர்ஹவுஸுக்குப் போய்விடுகிறீர்கள். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம். பின்னேரம் நாலு மணி வரை 74 வயது அம்மா தனியே. விழுந்தால் அமத்தி உதவிக்கு அழைக்க, கழுத்தில் மாட்டும் பட்டன் வேண்டாம் என்கிறார், கமரா வைக்க உங்களுக்கே மனமில்லை. உடம்பில் எதுவும் மாட்டாமல், சுவரில் இருந்தபடியே ஆள் விழுந்ததைக் கண்டுபிடிக்கும் ரேடார் கருவி இருக்கிறதாமே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். என் வீட்டில் நாலு வருடமாக இருக்கிறது. ஆனால் அலாரம் அடித்தால் யார் வீட்டுக்குள் போவது என்பதை வாங்குவதற்கு முதலே முடிவு செய்துவிடுங்கள். எனக்கு அது பிந்தித்தான் விளங்கியது.

எங்கள் அம்மா விழுந்தது ஒரு பெப்ரவரி மாதம். காலை பத்தரை மணியளவில் வாஷ்ரூமில் தன் உள்பாவாடையைக் கழுவிப் பிழிந்திருக்கிறார். ஊரில் குளியலறைத் தரை சரிவாக இருக்கும், மூலையில் ஓட்டை இருக்கும், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஓடிவிடும். இங்கே தொட்டிக்கு வெளியே தண்ணீர் போக வழியே இல்லை. சிந்தினது அப்படியே நிற்கும். கால் வழுக்கி, குளிக்கும் தொட்டிக்கும் டொய்லெட்டுக்கும் இடையில் போய் விழுந்தவர் எழும்பவில்லை. மாதம் மாதம் நான் காசு கட்டிக்கொண்டிருந்த பட்டன், அறைக் கதவின் பின்னால், அவருடைய உருத்திராட்ச மாலையோடு ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்தது மூன்றரை மணிக்கு. ஐந்து மணித்தியாலம்.

எலும்பு முறியவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மறித்து வைத்து சேலைன் ஏற்றினார்கள். விழுந்த அடியை விட, அசையாமல் கிடந்த நேரம்தான் அவரைப் பழுதாக்கியிருந்தது. ஒரே பக்கமாகக் கிடந்தால் தொடைத் தசை நசுங்கி, அதிலிருந்து கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். தண்ணீர் குடிக்காததால் உடம்பு வற்றும், தோல் புண்ணாகும். உங்களுடைய பேஸ்மென்ட் தரை மாதிரிக் குளிர்ந்த தரை என்றால் உடம்பின் சூடும் இறங்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தரையில் கிடப்பதையே மருத்துவர்கள் தனி ஆபத்தாகப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் அம்மா பட்டனைக் கழுத்தில் போட்டிருக்கவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "கழுத்தில கிடந்திருந்தாலும் அமத்தியிருக்க மாட்டன். வேலையில நிக்கிற பிள்ளையளுக்கு ஏன் கரைச்சல்?"

இது எங்கள் அம்மாக்களின் குணம் மட்டும்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். இல்லை. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 90 வயது தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உதவிக்கு அழைக்கும் பட்டன் இருந்தும், தனியாக இருக்கும்போது விழுந்தவர்களில் ஐந்தில் நாலு பேர் அதைப் பயன்படுத்தவில்லை. வெள்ளைக்காரக் கிழவிகளும் பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்க விரும்புவதில்லை. அதனால்தான் ஆள் எதையும் அமத்தத் தேவையில்லாத கருவி பெரிய விஷயம் என்று சொல்கிறேன்.

அது வேலை செய்யும் விதம் லேசானது. முன்னால் போகும் வாகனத்தின் தூரத்தை அளக்க இப்போதைய கார்களில் ரேடார் இருக்கிறதல்லவா, அதன் வீட்டுத் தம்பி இது. பெரும்பாலும் 60 கிகாஹெர்ட்ஸ் அலையை அறைக்குள் விடும். அது உடம்பில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆள் எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில், என்ன வேகத்தில் அசைகிறார் என்று கணக்குப் போடும். அதற்குத் தெரிவது கொஞ்சப் புள்ளிகள்தான். முகமும் தெரியாது, உடுப்பும் தெரியாது. அந்தப் புள்ளிக் கூட்டம் சடாரென்று தரைமட்டத்துக்கு இறங்கி அங்கேயே நின்றால், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அறிவிப்பு அனுப்பும். இருட்டிலும் வேலை செய்யும், குளியலறை நீராவியிலும் செய்யும். கமரா தோற்றுப்போகும் இடம் அதுதான்.

அலையால் உடம்புக்குக் கெடுதல் வருமா என்று அம்மா கேட்டார். உங்கள் அம்மாவும் கேட்பார். அதன் வலு கைத்தொலைபேசியை விடக் குறைவு, தோலைத் தாண்டி உள்ளே போகாது என்று விளங்கப்படுத்துங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் மட்டும் வாங்குவதற்கு முதல் டொக்டரைக் கேளுங்கள்.

அடுத்து, எந்தக் கடைக்காரரும் சொல்லாத ஒரு விஷயம். எங்கள் ஆட்கள் தரையில் வாழ்கிறவர்கள். கருவியை முதலில் அம்மாவின் அறையில் பூட்டினேன். இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு என் போன் அலறியது. நெடுஞ்சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்தால் அம்மா சாதாரணமாகப் பேசுகிறார். சாமிப்படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, அப்படியே கொஞ்ச நேரம் கிடந்து தேவாரம் பாடியிருக்கிறார். மத்தியானம் பாய் விரித்துப் படுத்தார், திரும்ப அலாரம். பிறகு செயலிக்குள் போய்ச் சாமிப்படத்துக்கு முன்னால் உள்ள இடத்தையும் பாய் போடும் மூலையையும் கணக்கில் எடுக்காத இடமாகக் குறித்தேன். அந்த இரண்டு இடத்திலும் அவர் உண்மையில் விழுந்தால் அறிவிப்பு வராது, அதை நான் தெரிந்துதான் செய்தேன். அடிக்கடி பொய் அலாரம் அடித்தால் ஒரு கட்டத்தில் எடுத்துப் பார்க்கவே மாட்டோம், அது அதை விட ஆபத்து. நீங்கள் வாங்கும் கருவியில் இப்படி இடம் குறிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

சுழலும் ஃபான், காற்றில் ஆடும் திரைச்சீலை, ஓடித்திரியும் நாய் எல்லாம் சில கருவிகளைக் குழப்பும். இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால் சில கருவிகள் விழுந்ததைக் கவனிக்கவே மாட்டா. உங்கள் அம்மா தனியே இருக்கும் நேரம்தான் பிரச்சினை என்பதால் அது பரவாயில்லை.

நாலு வருடத்தில் அம்மா இரண்டு தடவை விழுந்தார். ஒன்று இரவு இரண்டு மணிக்கு, வாஷ்ரூமில். கருவி பிடித்துவிட்டது, நான் ஒரு நிமிடத்தில் பக்கத்தில் நின்றேன். மற்றது கட்டில் விளிம்பில் இருந்து, போர்வையைப் பிடித்தபடி மெல்ல மெல்லச் சறுக்கித் தரையில் இருந்துவிட்டார். கருவி கண்டுகொள்ளவில்லை. மெதுவாகச் சரிவதும் தரையில் இருப்பதும் அதன் கணக்கில் ஒன்றாகப் பட்டிருக்க வேண்டும். வாங்கினால் இதை நம்பி மற்றதெல்லாம் விட்டுவிடாதீர்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அம்மாவுக்கு ஒரு போன், அது தவறாமல் நடக்கட்டும்.

ஒன்றுதான் வாங்க வசதி என்றால் அது வாஷ்ரூமுக்குத்தான். தொட்டியின் திரைச்சீலை நனைந்திருந்தால் அலை சரியாகப் புகாது, உலோகத்தைத் தாண்டியும் பார்க்காது. அதனால் பூட்டும் இடம் முக்கியம். பூட்டியபின் நீங்களே தரையில் படுத்துப் பாருங்கள், தொட்டி ஓரம், டொய்லெட் பக்கம், கதவடி என்று. எங்கே படுத்தால் அறிவிப்பு வரவில்லையோ அதைக் குறித்து வையுங்கள். இன்னொன்று, பேஸ்மென்டில் உங்களுக்கு வைஃபை மேல்வீட்டில் இருந்துதானே வரும்? அவர்கள் ஒரு நாள் பாஸ்வேர்டை மாற்றினால் கருவி ஊமையாகிவிடும். இணைப்பு அறுந்தால் உங்களுக்குத் தெரிவிக்கும் கருவியாகப் பாருங்கள்.

சரி, யார் போவது என்ற கதைக்கு வருகிறேன். கனக்க வேர்ஹவுஸ்களில் வேலை நேரத்தில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். முதியோர் இல்லத்திலும் ஆட்களைத் தூக்கி இருத்தும் நேரத்தில் உங்கள் மனைவியால் போன் எடுக்க முடியாது. அப்படியானால் அறிவிப்பு போவது லொக்கருக்குள் கிடக்கும் இரண்டு போன்களுக்கு. அதற்காகவா காசு கொடுத்து வாங்குவது? முதல் பெயராகப் பகலில் வீட்டில் நிற்கும் ஒருவரைப் போடுங்கள். மேல்வீட்டு அம்மா, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஊர்க்காரர், கோயிலில் பழகிய ஒரு ஐயா, யாராவது ஒருவர். நேரில் போய், தேத்தண்ணி குடித்துக் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். வீட்டுத் திறப்பு (சாவி) ஒன்றை அவர் கையில் கொடுங்கள். இலக்கம் போட்டுத் திறக்கும் சின்னத் திறப்புப் பெட்டி ஒன்றையும் பக்கக் கதவடியில் பூட்டுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவசர உதவி இலக்கமான 911க்குச் சொல்லும்போது பேஸ்மென்ட், பக்கக் கதவு, பெட்டி இலக்கம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் வருகிறவர்கள் முன்கதவில் நின்று தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். உங்கள் இருவரின் சூப்பர்வைசரிடமும் சொல்லி வையுங்கள், அலுவலக இலக்கத்துக்கு அழைப்பு வந்தால் ஆளைக் கூப்பிடச் சொல்லி.

24 மணி நேரமும் ஆள் இருந்து கவனிக்கும் சேவையோடு வரும் கருவிகளும் உண்டு, மாதச் சந்தாவுக்கு. அதில் கருவிக்குள்ளிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் நலம் விசாரிக்கும். விழுந்து கிடக்கும் அம்மாவுக்கு அது என்ன விளங்கும்? சேர முதல், தமிழில் பேச ஆள் இருக்கிறதா, பதில் வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். 911இல் "தமிழ்" என்று சொன்னாலே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அந்தச் சொல்லை அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சந்தாச் சேவைகள் நிலையில்லை என்பதையும் மனதில் வையுங்கள். அமெரிக்காவில் அமேசான் 2021 டிசம்பரில் அலெக்சா டுகெதர் என்று முதியோருக்கான சேவை ஒன்றைத் தொடங்கியது. இப்படியான ரேடார் கருவியையும் அதோடு இணைக்க முடிந்தது. 2024 ஜூனில் அதை மூடிவிட்டார்கள். வருடக் காசை முன்கூட்டிக் கட்டாமல் மாதம் மாதமாகக் கட்டுங்கள்.

காசு என்றதும் இன்னொன்று. சூப்பர் விசாவில் வந்தவருக்கு ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி, கிடையாது. நீங்கள் எடுத்த காப்புறுதி குறைந்தது 100,000 டொலருக்கு இருக்கும், அதில் விழுந்து அடிபடுவதற்கு என்ன நிபந்தனை, பழைய வருத்தங்களுக்கு என்ன நிபந்தனை என்று இன்றைக்கே எடுத்து வாசியுங்கள். ஒன்ராறியோவில் ஓஹிப் இல்லாதவருக்கு அம்புலன்ஸ் 240 டொலர். அம்மாவுக்கு இது தெரிந்தால் கூப்பிட விடமாட்டார், அதனால் காசுக் கணக்கை அவரிடம் சொல்லாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், எழும்பி நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான் வேண்டும். தலைக்குள் கசிவு பிந்தியும் தெரியவரும்.

கருவியை அம்மாவுக்குத் தெரியாமல் பூட்டிவிடாதீர்கள். எத்தனை தடவை வாஷ்ரூம் போனார் என்று கூடச் சில செயலிகள் காட்டும். அது மருமகள் போனிலும் தெரியும் என்றால் எந்த அம்மாவுக்கும் கூச்சமாக இருக்கும். நான் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, திரையில் ஓடும் புள்ளிகளைக் காட்டினேன். தன் கையை ஆட்டிப் பார்த்தார், புள்ளிகளும் ஆடின. "இதிலை என்ரை சீலை தெரியாதுதானே?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப பூட்டு" என்றார்.

இதெல்லாம் விழுந்த பிறகு உதவுவது. விழாமல் இருக்க வாஷ்ரூமில் கைபிடி பூட்டுங்கள். துவாய் போடும் கம்பியைப் பிடித்து எழும்ப விடாதீர்கள், அது சுவரோடு கழன்று வரும். கைபிடி சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் இறங்க வேண்டும். தொட்டி விளிம்பைக் கால் தூக்கித் தாண்டாமல் இருந்தபடியே உள்ளே போக உதவும் நீள வாங்கு (பெஞ்ச்) மருத்துவச் சாமான் கடைகளில் இருக்கிறது. வீட்டில் போடும் சோட்டி (நைட்டி) கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். பிரஷர் குளிசை எடுப்பவர் என்றால் கட்டிலில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.

சுவருக்குள் மரச்சட்டத்தைத் தேடும் கருவியும் ட்ரில்லும் என்னிடம் இருக்கின்றன. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.