சுருங்கிய ஸ்வெட்டரும் மிச்சமிருக்கும் சால்வையும்

மணாலியில் வாங்கிய ஸ்வெட்டர் வாஷிங் மெஷினில் சுருங்கிவிட்டது, கூடவே வாங்கிய கம்பளிச் சால்வையை எப்படித் துவைப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, சோப்பு, சுழற்சி மூன்றும் சேர்ந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். ஸ்வெட்டரை ஹேர் கண்டிஷனர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு மெல்ல இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் இளகலாம். அட்டை மாதிரி கெட்டியாகியிருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள்.

சரி, சால்வை. நம்ம ஊர் மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீர்தான். அதனால் விடியற்காலையில் பக்கெட்டில் பிடித்து வையுங்கள். பேபி ஷாம்பு ஒரு மூடி போதும். பார் சோப்பு வேண்டாம், அதன் காரம் கம்பளிக்கு ஆகாது. தேய்க்காமல் அமுக்கி அமுக்கி எடுத்து, இரண்டு முறை அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. பெரிய டவலில் வைத்துப் பாய் போலச் சுருட்டி, மேலே ஏறி மிதித்தால் தண்ணீர் இறங்கிவிடும். அப்புறம் நிழலில் பாய் மேல் விரித்துக் காய வையுங்கள். ஒருமுறை கொடியில் தொங்கவிட்டேன். அப்பாவின் ஸ்வெட்டர் கை முழங்கால் வரை வந்துவிட்டது!

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் துவைக்காதீர்கள். காயாமல் நாறும்.